பதினெட்டு வருட ‘ஹெல்பர்’

உங்கள் அலுவலகத்தில் ‘ஹெல்பர்’ என்று ஒருவர் இருப்பாரே, அவர் யாருக்கு ஹெல்ப் செய்கிறார்? தலையைச் சொறியாமல் பதில் சொல்ல முடியுமா உங்களால்?

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பெண்ணுக்கு இந்தக் கேள்வி உதிக்கவே பதினெட்டு வருடம் ஆயிற்று. கட்டடத்தின் அடித்தளத்தில் அந்தக் கூடம். ஒரே ஒரு ஜன்னல். அதில் தெரிவது தெருவில் நடப்பவர்களின் செருப்புகள் மட்டும். நடுவில் ஆளை விழுங்குகிற வாயோடு ஒரு சலவை இயந்திரம். மேலே எட்டு வார்டுகளின் அழுக்கும் அதன் வயிற்றுக்குள்தான் போகும். அதை ஓட்டியவர் அவர். டிரம் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

டிரம் சுற்றுகிற சத்தத்தில் ஒரு முனகல் கூடினால், போர்வைகள் ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டன என்று அறிவார். கதவில் உள்ளங்கையை வைத்தே தண்ணீரின் சூட்டைச் சொல்வார். ஆபரேஷன் தியேட்டர் துணிகளுக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான். “சுடுதண்ணி பட்டா ரத்தம் துணியோட வெந்துரும். அப்புறம் அப்பன் வந்தாலும் கறை போகாது” என்பார்.

ஆனால் பதிவேட்டில் ஆபரேட்டர் வேறொருவர். கண்காணிப்பாளரின் மனைவிக்குத் தம்பி. கூடமே அவரை மச்சினர் என்று அழைத்தது. பத்து மணிக்கு வருவார், இயந்திரத்தின் டைரியில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். இயந்திரம் கீழே சுற்றும்; மச்சினர் ஊரைச் சுற்றுவார்.

தன்னை ஆபரேட்டர் என்று பதியச் சொல்லி டிரம் அக்கா நான்கு முறை மனு கொடுத்தார். நான்கு முறையும் மேலிடம் மனம் இரங்கிற்று. முதலில் ஹெல்பரை எடுத்துவிட்டு அசிஸ்டன்ட் என்று போட்டார்கள். பிறகு அட்டெண்டன்ட். பிறகு அசோசியேட். கடைசியாக, ‘சப்போர்ட் பார்ட்னர்’ என்று பளபளவென ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டுக் கைதட்டினார்கள். மந்திரத்தால் மாங்காய் விழாது என்று மேடையில் முழங்குகிற படித்தவர்கள், அட்டையில் ஓர் ஆங்கிலச் சொல்லை மாற்றினால் மட்டும் வயிறு நிறையும் என்று நம்புகிறார்கள். இதற்குப் பெயர் மூடநம்பிக்கை இல்லையாம், நிர்வாகமாம்.

இப்படியே இன்னும் நான்கு சொற்களோடு அவர் ஓய்வு பெற்றிருப்பார். அதற்குள் சுற்றறிக்கை வந்தது: அடுத்த மாதம் புது இயந்திரங்கள் வருகின்றன, ஆபரேட்டராக இருப்பவர் பயிற்சிக்குப் போகலாம், சப்போர்ட் பணியாளர்கள் தேவையில்லை. ஓட்டத் தெரிந்தவர் வீட்டுக்கு, ஓட்டத் தெரியாதவர் பயிற்சிக்கு.

அன்று வீட்டுக்குப் போனதும் மகளின் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டார். பத்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு அது போதும். அசிஸ்டன்ட் என்றால் ஹெல்ப் செய்பவர் என்றிருந்தது. அட்டெண்டன்ட்டைப் பார்த்தால் பக்கத்தில் நின்று ஹெல்ப் செய்பவர். சப்போர்ட்டுக்குப் போனால் அதுவும் ஹெல்ப்புக்கே திருப்பி அனுப்பியது. செக்குமாடு ஊர் போய்ச் சேர்ந்த கதைதான்.

“இதுல ஒண்ணு கவனிச்சியா?” என்றார் மகளிடம். “எந்தச் சொல்லை எடுத்தாலும் ரெண்டு ஆள் வேணும். வேலை செய்யிறவன் ஒருத்தன், அவனுக்குக் கை கொடுக்கிறவன் ஒருத்தன். எங்க கூடத்துல அந்த முதல் ஆளு எங்கடி?”

பஞ்சர் கடை வைத்திருக்கும் கணவர், நிலைமை சூடாக இருப்பதைப் பார்த்து நல்ல பிள்ளையாக எழுந்தார். “பாத்திரம் கழுவ நான் ஹெல்ப் பண்ணட்டுமா?”

“அந்தத் தட்டுல சாப்பிட்டது யாரு?”

“நான்தான்.”

“அப்ப அது ஹெல்ப் இல்ல. உங்க வேலை. போய்க் கழுவுங்க.”

மறுநாள் காலை கண்காணிப்பாளரின் அறைக்குப் போனார். அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்னம்மா நீ, வெறும் வார்த்தைக்குப் போய் மல்லுக்கு நிக்கிற?”

“வெறும் வார்த்தைதானே சார்? அப்ப எனக்கு ஆபரேட்டர்னு போட்டுட்டு, உங்க மச்சினருக்கு ஹெல்பர்னு போட்டுருங்க.”

கண்காணிப்பாளருக்குச் சுருக்கென்றது. “நாக்கு நீளுது உனக்கு. உன் வேலை என்னவோ அதை மட்டும் போய்ப் பாரு.”

“சரிங்க சார்” என்றார் டிரம் அக்கா. அப்படியே செய்யவும் செய்தார்.

அதற்கு முன் ஒன்று செய்தார். நோயாளிகள் எந்தப் பாவமும் அறியாதவர்கள். எனவே இரண்டு நாள் முழுக்க நின்று, நான்கு நாளைக்குத் தேவையான தியேட்டர் துணிகளை வெளுத்து அடுக்கி அலமாரியில் வைத்தார். மூன்றாம் நாள் இயந்திரத்தின் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டார். பத்து மணிக்கு மச்சினர் வந்தார்.

“என்னக்கா, டிரம் ஓடல?”

“ஆபரேட்டர் இப்பத்தானே வர்றீங்க? ஓட்டுங்க தம்பி. நான் கை கொடுக்கிறேன்.”

“விளையாடாதீங்க. எந்தப் பட்டன்?”

“ஹெல்பருக்கு எப்படித் தம்பி தெரியும்? துணி எடுத்துத் தரவா? சோப்பு எடுத்துத் தரவா? சொல்லுங்க, தர்றேன்.”

மூட்டை தூக்குகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மச்சினருக்கு ரோஷம் வந்தது. நாற்பது தியேட்டர் விரிப்புகளை உள்ளே திணித்தார். சிவப்புப் பட்டனை அழுத்தினார். சிவப்பு என்றால் சுடுதண்ணீர்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவை விரிப்புகள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் தேசப்படம் வரைந்ததுபோல் பழுப்புக் கறை. தலைமை நர்ஸ் படியிறங்கி வந்து ஒன்றை விரித்துப் பார்த்தார்.

“இதை யார் துவைச்சது?”

“ஆபரேட்டர் மேடம்.”

“இத்தனை நாள் துவைச்சது?”

“டைரில பாருங்க மேடம். அதுவும் அவர்தான்.”

விசாரணை வைத்தார்கள். நிர்வாக அதிகாரி டைரியைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் மச்சினரின் சுழித்த கையெழுத்து. டிரம் அக்காவின் பெயர் மருந்துக்கும் இல்லை.

“நீங்கதான் ஓட்டினீங்கங்கிறதுக்கு என்னம்மா சாட்சி?”

“வெளுத்த துணியெல்லாம் சாட்சி சார்.”

“துணி கையெழுத்துப் போடுமா? எழுத்துல கொண்டு வாங்க.”

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு வார்டு வார்டாக ஏறினார் டிரம் அக்கா. தினமும் கீழே போன் செய்து “அக்கா, விரிப்பு ரெடியா?” என்று கேட்டவர்கள்தானே எல்லாரும். அவர்களுக்குத் தெரியாதா, ஓட்டியது யார் என்று? தலைமை நர்ஸ் முதல் கையெழுத்தைப் போட்டார். அடுத்தவர் மின்விசிறியைப் பார்த்தார். இன்னொருவர் கண்ணாடியைத் தேடினார். அது அவர் மூக்கின்மேல் இருந்தது. ஒரு வார்டு எழுத்தர் டிரம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உருகினார்: “என் முழு சப்போர்ட்டும் உங்களுக்குத்தான் அக்கா. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க.”

சப்போர்ட் என்ற சொல்லுக்கு அகராதி சொல்லாத பொருளை அன்று அவர் கற்றுக்கொண்டார்.

அவர் தாளை நீட்டிய நாற்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் போட்டார்கள். ஒன்பதுக்குப் பலன் இருந்தது: பயிற்சிப் பட்டியலில் ஆபரேட்டர் என்று அவர் பெயர் ஏறியது. மச்சினர் வேறொரு பிரிவுக்கு மாற்றப்பட்டார். கையெழுத்துப் போட அங்கேயும் ஒரு டைரி இருக்குமல்லவா? ஆனால் ஆணையின் கடைசி வரியில் ஓர் ஊசி வைத்திருந்தார்கள்: ‘புதிதாகச் சேர்ந்தவராகக் கருதப்படுவார்.’ பதினெட்டு வருடத்தையும் பச்சைத் தண்ணீரில் அலசி எடுத்துவிட்டார்கள், கறை துளியும் இல்லாமல்.

“வேலைதான் கிடைச்சிருச்சே, விட்டுடேன்” என்றார் கணவர்.

“நான் நேத்துப் பொறந்தேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. வாங்கிட்டு வந்து பேசாம இருக்கச் சொல்றீங்களா?”

மேல்முறையீடு செய்திருக்கிறார். அதற்கு ஒன்பது போதாது. மதிய இடைவேளையில் அந்தத் தாளோடு இன்னும் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார்.

இப்படி ஒரு தாளோடு நாளை யாராவது உங்கள் மேசை முன்னால் வந்து நிற்கக்கூடும். உங்கள் அனுதாபம் அவருக்கு வேண்டாம், ஆதரவும் வேண்டாம். அந்த வேலையை அவர் செய்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால், பேனாவை எடுங்கள். உங்கள் முழுப்பெயரை எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போடுங்கள்.