ஈசானிய மூலையில் திரும்பிய மினி பஸ்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே வெகுதூரம் தள்ளி இருக்கிறது மல்லிகை நகர். அங்கே யாராவது எதையாவது எதிர்த்துக் கத்தினால், மறுநாளே அந்த வேலை அவர் தலையில் விழும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஜோதிலட்சுமி. அவர் இப்போது இல்லை. வழக்கம் இருக்கிறது.

ஜோதிலட்சுமி தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோபத்தோடு வருகிற ஆளை எப்படி உட்கார வைப்பது என்பது அவருக்கு அங்கேயே படிந்துவிட்டது. நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளராக யாரும் முன்வராத ஒரு வருடம், சரி, நானே பார்க்கிறேன் என்று ஏற்றுக்கொண்டார். அப்புறம் யாரும் அவரை விடவில்லை.

முதலில் வந்தது குப்பைத் தொட்டித் தகராறு. என் வாசலில் தொட்டி வைக்கக் கூடாது என்று ஒருவர் குதித்தார். எங்கே வைக்கலாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், நீங்கள் சொல்கிற இடம்தான் என்று ஜோதிலட்சுமி அவரிடமே விட்டுவிட்டார். அந்த மனிதர் காலையும் மாலையும் தெருத்தெருவாக அலைந்தார். தான் பேசிய பேச்சையே ஒவ்வொரு வாசலிலும் திரும்பக் கேட்டார். கடைசியில் ஒரு காலி மனையின் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தார். அந்தத் தொட்டிக்குக் கோலம் போடாததுதான் பாக்கி, அப்படிப் பார்த்துக்கொண்டார். வேகத்தடை போட்டால் முதுகு போய்விடும் என்று சண்டை பிடித்த அருண்ராஜ் என்கிற ஐ.டி. பையனும் அப்படித்தான் சங்கத்துக்குள் வந்தான். இப்போது அவன்தான் பொருளாளர்.

ஜோதிலட்சுமி மனதில் வைத்திருந்தது ஒரே ஒரு பெரிய காரியம். நகருக்குள் பஸ் வர வேண்டும். கேம்ப் ரோடு வரை நடப்பது இளவட்டங்களுக்கு ஒன்றுமில்லை. எதிர் வீட்டு தபீதாளுக்கு முடியாது. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மகன் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குச் சர்ச். மற்ற நாட்களில் கேட்டைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“என் கால் நல்லா இருந்தா நான் எதுக்கு ஜோதி உன் கால்ல விழறேன்?” என்பார். ஜோதிலட்சுமி மறுபடியும் ஒரு மனு எழுதுவார்.

பகுதி சபைக் கூட்டம், கவுன்சிலர், போக்குவரத்து அலுவலகம் என்று போய் வந்ததில் ஒருவழியாகக் காரியம் கனிந்தது. மினி பஸ் விட ஒருவருக்கு அனுமதி கிடைத்தது. மல்லிகை நகருக்குள் நுழைந்து தாம்பரம் ஸ்டேஷன் போகிற தடம். வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஓர் அதிகாரியும் வந்தார். நகரே தெருவில் நின்றது.

வண்டி வந்தது. முதல் தெருவில் சுகமாக ஓடியது. அங்கிருந்து குறுக்குத் தெருவுக்குத் திரும்பும் முனையில் நின்றது. டிரைவர் பிரசன்னா பின்னால் எடுத்தான், முன்னால் எடுத்தான். வெளிப்பக்கம் ஒதுங்கினால் டிரான்ஸ்ஃபார்மர். உள்பக்கம் ஒடித்தால் வண்டியின் பின்பகுதி ஒரு வீட்டின் சுற்றுச்சுவரில் உரசியது. கொஞ்சம் காரை உதிர்ந்தது. கூட்டம் சுவரைப் பார்த்தது, பிறகு ஜோதிலட்சுமியைப் பார்த்தது. அது அவர் வீடு.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்துவது ஆகிற காரியமில்லை. அந்த மூலையைக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் போதும். இந்த மாதத்துக்குள் முடியாவிட்டால் தடத்தைப் பக்கத்து நகர் வழியாக மாற்றிவிடுவோம் என்றார்.

வேறு எந்த மூலையாக இருந்தாலும் பரவாயில்லை. இது வடகிழக்கு மூலை. ஜோதிலட்சுமியின் கணவர் பூவராகன், கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். கோடு கோணினால் அவருக்குச் சோறு இறங்காது. வாஸ்துவிலும் அதே கறார். கோவிலம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தவரை ஒன்றும் கூடிவரவில்லை, இங்கே வந்து ஈசானிய மூலையைச் சுத்தமாக வைத்த பிறகுதான் மகனுக்கு வேலை, கல்யாணம் எல்லாம் என்பது அவர் கணக்கு. அவருக்குச் சர்க்கரை குறைந்ததற்கு மாத்திரைதான் காரணம் என்றார் டாக்டர். மூலை என்றார் பூவராகன். அந்த மூலையை வெட்டின வீடு விளங்காது என்று அன்றைக்கு வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் தெருவில் பேச்சு அடங்கவில்லை. பஸ் கேட்டதும் அவர்கள்தான், மறித்து நிற்பதும் அவர்கள்தான் என்று காதுபடவே சொன்னார்கள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கேம்ப் ரோட்டிலிருந்து நடந்து வரும் மீன்காரி கங்கம்மா மட்டும் நேரிலேயே கேட்டாள். “இன்னா சார், பஸ்ஸு உன் வூட்டு மூலையாண்ட மாட்டிகிச்சாமே? நான்கூட ஜம்முனு உக்காந்துகினு வரலாம்னு இருந்தேன்.” பூவராகன் அன்று மீன் வாங்கவில்லை.

சங்கக் கூட்டம் அருண்ராஜ் வீட்டு கார் ஷெட்டில் நடந்தது. கடைசியில் அருண்ராஜ்தான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வீடு உங்க பேர்லதானே இருக்கு? நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்.”

உண்மைதான். ஜோதிலட்சுமியின் சம்பளத்தில் கடன் எடுத்துக் கட்டிய வீடு. அன்று காலை பல் தேய்க்கும்போது அவருக்கே அந்த நினைப்பு வந்து போயிருந்தது. பஸ் பக்கத்து நகருக்குப் போய்விட்டால் தபீதாளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் நினைத்திருந்தார்.

“என் பேர்ல இருக்கிறது பத்திரம், அருண். வீடு ரெண்டு பேருக்கும்தான். அவர் மனசு வைக்காம நான் கையெழுத்து போட்டா, அப்புறம் தினமும் அந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நாங்க எப்படி காபி குடிக்கறது?” என்றார். “நம்ம வழக்கப்படியே செய்யலாம். அவரைப் பொறுப்பாளரா போடுங்க” என்றார்.

கார் ஷெட்டில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

அருண்ராஜ் போய்ச் சொன்னதும் பூவராகன் எகிறினார். என் வீட்டை இடிக்க என்னையே மேஸ்திரியாகப் போடுகிறார்களா என்று மனைவியிடம் கேட்டார். இடிக்கச் சொல்லவில்லை, பஸ் திரும்ப வேண்டும், எப்படி என்று நீங்கள் பாருங்கள், முடியாது என்றால் முடியாது என்றே எழுதிக் கொடுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன் என்று ஜோதிலட்சுமி கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

முடியாது என்று நிரூபிக்கத்தான் பூவராகன் கிளம்பினார். குறை டிரைவரிடம்தான் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை பிரசன்னாவைக் காலி வண்டியோடு வரச் சொன்னார். சாக்பீஸை எடுத்துத் தெருவில் கோடு போட்டார், சக்கரத்தின் தடத்தைக் குனிந்து பார்த்தார், இப்படி ஒடி, அப்படி ஒடி என்றார். பிரசன்னாவும் சளைக்கவில்லை. “சார், நீங்களே வந்து ஸ்டியரிங்கைப் புடிங்க சார்” என்று இறங்கி நின்றுவிட்டான். மதியத்துக்குள் பூவராகனுக்கு ஒன்று புரிந்துவிட்டது. டிரைவர் மேல் தப்பில்லை. அதிகாரி சொன்னதும் சரியில்லை. மூலையை வெட்டினால் போகிற வண்டி திரும்பும், வருகிற வண்டி அப்போதும் சுவரை உரசும். ஒரு வேலையை அரைகுறையாகச் செய்யச் சொன்னதில்தான் அவருக்குக் கோபம் அதிகமாக வந்தது.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காராமல் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். தட்டை வைத்துவிட்டு ஜோதிலட்சுமி பக்கத்தில் நின்றார்.

“மூலையை வெட்ட மாட்டேன்” என்றார் பூவராகன்.

“சரிங்க.”

“கிழக்குச் சுவர் முழுசையும் நாலடி உள்ள தள்ளிக் கட்டிடறேன். அப்ப நாலு மூலையும் நேரா நிக்கும். பஸ்ஸும் ரெண்டு பக்கமும் திரும்பும். கிழக்கே இடம் விடறது நல்லதுதான், சாஸ்திரத்துலயே இருக்கு.”

அவர் வரைந்த கோட்டின் மேல் ஜோதிலட்சுமி விரலை வைத்துப் பார்த்தார். கிழக்குச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்தது அவருடைய தோட்டம். நந்தியாவட்டை, செம்பருத்தி, இரண்டு வரிசை கனகாம்பரம், ஜன்னலைத் தொடுகிற முருங்கை. ஓய்வு பெற்று வந்த பிறகு ஒவ்வொன்றாக வைத்து வளர்த்தது. விடிந்ததும் முதலில் அங்கேதான் போய் நிற்பார். நாலடி போனால் மிஞ்சுவது ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற இடம்தான்.

இத்தனை வருடமாக ஊரார் வாசலில் நின்று, கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன் என்று கேட்டவர். அந்த வார்த்தை இந்தப் பக்கத்திலிருந்து எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதிகாரி கேட்டதற்கு மேல் பல மடங்கு கொடுக்க இந்த மனிதர் தயாராகிவிட்டார், அதுவும் தன் பிடிவாதத்தில் ஒரு அங்குலம் குறையாமல். நினைக்க நினைக்க ஜோதிலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

“வெளியே விடற இடத்துல ஒரு பெஞ்சு போடலாமா?” என்று கேட்டார்.

“ரெண்டு போடலாம்” என்றார் பூவராகன். காகிதத்தில் ஏற்கெனவே போட்டிருந்தார்.

செடிகள் எதுவும் வீணாகவில்லை. நந்தியாவட்டையை தபீதாள் பெயின்ட் வாளியில் வாங்கிக்கொண்டார். கனகாம்பரத்துக்குத் தெருவில் போட்டியே நடந்தது. முருங்கையை மட்டும் வெட்டத்தான் வேண்டியிருந்தது. அதன் போத்துகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போய் நட்டார்கள். குப்பைத் தொட்டிக்காரர் சிமென்ட் மூட்டை இறக்கக் கை கொடுத்தார்.

பஸ் ஓடத் தொடங்கிய நாளில் வண்டிக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்தார்கள். பூவராகன் முனையில் நின்று இரண்டு கையையும் ஆட்டி, வா, வா என்று வழிகாட்டினார். வண்டி எதையும் தொடாமல் திரும்பியது. “சார், நடுவுல இன்னொரு பஸ்ஸே போகும் சார்” என்றான் பிரசன்னா. பூவராகன் அதைக் கேளாதவர் போலச் சுவருக்கும் வண்டிக்கும் இருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தபீதாள் முதல் படியில் காலை வைத்து, கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வெளியே தலையை நீட்டினார்.

“ஜோதி, ஏறு.”

பர்ஸ் எடுக்கவில்லை, வீட்டுச் செருப்பு என்று ஜோதிலட்சுமி என்னவோ சொல்லிப் பார்த்தார். கண்டக்டர் விசிலை வாயருகே கொண்டுபோனதும் ஜோதிலட்சுமியும் ஏறிவிட்டார்.

தாம்பரத்தில் இறங்கிய பிறகுதான் இரண்டு பேருக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை என்பது தெரிந்தது. ஸ்டேஷன் பக்கத்தில் காபி குடித்தார்கள். தபீதாள் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாக்காய் வாங்கிக் கொடுத்தார். ஆளுக்குப் பாதி தின்றுகொண்டே, போகிறவர்கள் வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அதே பஸ்ஸில் திரும்பினார்கள்.

புதுச் சுவரை ஒட்டிய பெஞ்சில் பூவராகன் உட்கார்ந்திருந்தார். எங்கே போனாய் என்று கேட்டார். தாம்பரம் என்றார் ஜோதிலட்சுமி.

“எதுக்கு?”

“சும்மா.”

ஜோதிலட்சுமி அப்படி ஒரு பதில் சொல்லி அவர் கேட்டதே இல்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஜோதிலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த பஸ் எப்படித் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போகலாம் என்று இருவரும் காத்திருந்தார்கள்.