வெரிபீ வீட்டுக் குழாய்

2011-இல் மெல்பேர்னில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை.

மெல்பேர்னின் புறநகரான வெரிபீயில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி இருந்தார்கள். கணவருக்கு டயாலிசிஸ் செய்துவிடுவது மனைவிதான். கணவருக்கு அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்தது. சோதித்தால், தண்ணீரில் ஏராளமான பாக்டீரியா. உடனே அவருடைய டயாலிசிஸை மருத்துவமனைக்கு மாற்றினார்கள். என் வேலை அதோடு முடிந்தது. ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேரில் போனேன்.

மனைவியை நான் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். அவர் அழுதிருந்தார். "என்ர கையாலதான் இவருக்குக் காய்ச்சல் வந்ததோ பிள்ளை? நான் வடிவாத்தானே கழுவினனான்."

"எப்பவும் செய்ற மாதிரியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க அன்ரி."

கை கழுவியதிலும் இயந்திரத்தைச் சுத்தம் செய்ததிலும் ஒரு குறையும் இல்லை. நான் குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டே போனேன். முன்பு இயந்திரம் வேறு அறையில் இருந்ததாம். வடிகட்டியைத் தாண்டி அந்த அறைக்குப் போன கிளைக் குழாயை முனையில் அடைத்து அப்படியே விட்டிருந்தார்கள். உள்ளே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மூடியைக் கழற்றி, அந்தத் தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்தேன். அதே கிருமி; அங்கிருந்துதான் இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரில் கலந்திருக்கிறது.

தொலைபேசியில் சொன்னேன்: "தப்பு குழாயில அன்ரி, உங்க கையில இல்ல."

அவர் உடனே கணவரைக் கூப்பிட்டுக் கத்தினார்: "இஞ்சேருங்கோ, நானில்லையாம்! குழாயாம்!"

அதுவரை, முடிவை அனுப்பினால் என் கடமை தீர்ந்தது என்றிருந்தேன். அதன்பின் காரணத்தைத் தேடாமல் எந்த வீட்டையும் நான் விட்டதில்லை.