ராஜாவைக் கொல்ல ஓர் அறை

யோசனை வந்த இடம்

கீழச்சிவல்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போயிருந்தேன். பி.காம். முடித்ததிலிருந்து அப்பாவின் சவுண்ட் சர்வீஸை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்; மிச்ச நேரத்தில் நாடகம். அந்தக் கல்யாண வீட்டின் முகப்பில் நின்று கேபிளை இழுத்தால், அது நடு முற்றமான வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி, கொல்லைக் கதவு வரை ஒரே நேராகப் போகிறது. ஒரு கதவுக்குள் இன்னொரு கதவு, அதற்குள் இன்னொன்று. பதவி ஆசை பிடித்த ஒருவனை இந்த வழியில் நடக்கவிட்டு, அவன் தாண்டத் தாண்ட ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தால் எப்படி இருக்கும் என்று அங்கேயே தோன்றிவிட்டது. கேபிளை அப்படியே கீழே போட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு மைக் வேலை செய்யவில்லை.

ஒரு மாதத்தில் நாடகத்தை எழுதி முடித்தேன். ஒரு தளபதி. வழியில் ஒரு குறிகாரி, 'நீ நாடாளுவாய்' என்று அவனுக்குக் குறி சொல்லிவிட்டுப் போகிறாள். விருந்தாளியாக வந்து நம்பித் தூங்கும் ராஜாவை அவன் கொல்கிறான். அதை மறைக்க நண்பனைக் கொல்கிறான். அதை மறைக்க நண்பனின் மகனை. முதல் கொலைக்கு ஒரு காட்சி முழுக்க யோசிக்கிறான். மூன்றாவதற்கு ஒரு வரிதான்.

தளபதியாக கபீர். செல்போன் கடையில் சர்வீஸ் பார்க்கிறான்; துபாய் விசா கைக்கு வந்துவிட்டது. ராஜாவாக ஸ்டீபன் சார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மானகிரியில் விடுதி நடத்தும் ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் அவர் விடுதியில் வாரம் ஒரு ஷோ. கிடைத்தால் கபீர் இருப்பான். கிடைக்காவிட்டால் விமானம் ஏறுவான். அவன் போனால் எங்கள் குழுவும் இல்லை.

அனுமதி

அதே வீட்டைக் கேட்டேன். இந்த மாதிரி வீட்டில் வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஆளுக்கொன்றாகப் பங்காளிகளுடையவை. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்தாலும், அந்தந்தக் குடும்பத்து விசேஷம் அந்தந்த அறை வாசலில்தான் நடக்கும். இது எனக்குத் தெரியும். இதனால் என்ன வரும் என்பது தெரியாது.

பங்காளிகளில் வள்ளியம்மை ஆச்சிதான் முதலில் பேசினார்.

"என்ன நாடகம்த்தா?"

"ராஜா கதை ஆச்சி."

"தாராளமா நடத்துங்க. ராஜா என்ன செய்வாரு?"

"சாவாரு."

"எங்குட்டு?"

வெளிச்சம் நன்றாக விழும் ஒரு கதவைக் காட்டினேன். அது ஆச்சியின் அறை.

"ஏத்தா, வர்ற தையில எம் மகளுக்குக் கல்யாணம். அந்த வாசல்லதான் மணை போடணும். அங்க ஒருத்தரக் கொல்லுவீகளா?"

"நாடகம்தானே ஆச்சி."

"நாடகமோ நெசமோ, கதவப் பாத்தா வாரவுகளுக்கு அதானே ஞாபகம் வரும்?"

அடுத்த கதவைக் காட்டினேன். ஆச்சியின் கொழுந்தனார் சொக்கலிங்கம், தன் அறை வாசலில் பேரனுக்குக் காது குத்த வேண்டும் என்றார். நடு வளவு பொதுவாயிற்றே என்றேன். "பொதுவுல கொன்னா எல்லாருக்கும் ஆகாதும்மா" என்றார்.

பிறகு ஆச்சி, மூலையில் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டே, "ராமநாதன் அறை சும்மாதான கெடக்கு" என்றார்.

ராமநாதன் இன்னொரு பங்காளி. பினாங்கில் இருப்பவர். கூட்டிப் பெருக்குவதற்காக ஒரு சாவி ஆச்சியிடம் உண்டு.

"அவுக கோவிச்சுக்கிட மாட்டாகளா?"

"அவுக எதுக்குக் கோவிக்கிறாக? தங்கமான மனுசன். நாங்க சொல்லிக்கிடுறோம்."

ராஜாவின் கட்டிலை அந்த அறையில் போட்டோம். கொலை கதவுக்குப் பின்னால். சத்தம் மட்டும் வெளியே.

ஒத்திகையின்போதுதான் நண்பனும் சாவான் என்று சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "அங்குட்டே வச்சுக்கிடுங்க" என்றார் ஆச்சி. "ஒண்ணு செத்த அறையில இன்னொண்ணு செத்தா என்ன?" சின்னப் பையன் எங்கே சாவது என்று கேட்டபோது சொக்கலிங்கம் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் மோவாயால் அந்தக் கதவைக் காட்டினார்.

கபீர் என் காதருகே வந்தான். "டைரக்டரம்மா, தளபதி வேசத்தை இவுகளுக்கே குடுத்துருக்கலாம்."

ஷோ

வளவு நிறைந்துவிட்டது. விடுதிக்காரர் முன்வரிசையில். நாடகம் தொடங்கிய பிறகு வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பெட்டியோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். விடுதியில் தங்குகிறவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவரைப் பார்த்ததும் ஆச்சி எழுந்து இரண்டாங்கட்டுக்குப் போனார். சொக்கலிங்கம் உத்தரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

கபீர் கத்தியை உருவிக்கொண்டு மூலைக் கதவை நோக்கி மெதுவாக நடந்தான். வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்தார்.

"தம்பி, அது என் அறை."

கபீர் வேஷத்தைக் கலைக்கவில்லை. "மன்னர் உள்ளே உறங்குகிறார்."

"எந்த மன்னர்?"

கதவைத் திறந்து ஸ்டீபன் சார் கிரீடத்தோடு தலையை நீட்டினார். "நான்தாங்க. இன்னும் ஒண்ணும் ஆகல."

ராமநாதன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டில், சிவப்புச் சாயம் ஒரு வாளி. பங்காளிகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்.

"கல்யாண வேலைக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு முன்னாடியே வந்தேன். இதுக்கு யாரு சரின்னு சொன்னது?"

ஒருவர் வேட்டி நுனியைப் பார்த்தார், ஒருவர் தரையை. லைட் போர்டை விட்டு நான் ஓடினேன். "உங்ககிட்டச் சொல்லிக்கிடுறோம்னு சொன்னாகளே..."

"பினாங்குலதானம்மா இருக்கேன். செத்தா போயிட்டேன்?" என்றவர் கபீரிடம், "இங்க எத்தன பேரு சாகுறாக?" என்றார்.

"மூணு" என்றான் கபீர். பொய் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லையாம்.

ராமநாதன் பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டார். ஸ்டீபன் சார் வெளியே வரவில்லை. கத்தியோடு தளபதி வாசலில் நின்றான். உள்ளேயிருந்து இருவரும் பேசுவது கேட்டது. ஒரு தடவை சிரிப்பும் கேட்டது. கூட்டம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் விளக்கை அணைத்தேன். நல்ல கைதட்டல்.

விடுதிக்காரர் வந்து சொன்னார்: "கொலைகாரன் சுமார்தான். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் கேள்வி கேட்டாருல்ல, அப்ப தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாகளே, அவுக பிரமாதம். அப்படியே செய்றதா இருந்தா எங்க ஹால்ல ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. அப்புறம் பேசுவோம்."

கற்றது

தளபதி கதவுகளைத் தாண்டி நடப்பதுதான் என் நாடகம் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. ஊரில் இல்லாத ஒருவரின் கதவைக் காட்டிவிட்டு மற்றவர்கள் பழையபடி உட்கார்ந்திருந்தார்களே, அதுதான். நான் எழுதியதில் ராஜா கடைசி வரை தூங்குகிறார். யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை. புதிதாக நாடகம் எழுத வருகிறவர்கள், சாகப்போகிறவனுக்கு ஒரு கேள்வியாவது கொடுத்துவிடுங்கள்.

அந்தக் காட்சியை மாற்றி எழுதுகிறேன். குத்துவதற்கு முன் ராஜா விழித்துக்கொள்கிறார். சபையைப் பார்த்து, "இதற்கு யார் சரி என்றது?" என்று கேட்கிறார். தளபதி கத்தியை மறைப்பதில்லை. சபைதான் முகத்தை மறைக்கிறது. கபீர் விசாவை அடுத்த மாதம் வரை தள்ளிப்போட்டிருக்கிறான்.

கேள்வி ராமநாதனுடையது. அவரைக் கேட்காமல் எடுக்க முடியாது. கல்யாணம் முடியும்வரை இங்கேதான் இருக்கிறார். பங்காளிகள் யாரும் என்னைக் கூட்டிக்கொண்டு போக முன்வரவில்லை. நாளைக் காலை நானே போய் அந்த மூலைக் கதவைத் தட்டப்போகிறேன்.