பத்து எண்ணும் நேரம்

நடேசனுக்கு நாற்பத்து மூன்று வயது. மண்ணூர்க்காரர். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியிருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர். ஒன்பது வருஷமாக மே மாதந்தோறும் அவருக்குப் புதிதாக ஒரு வேலை உத்தரவு தருவார்கள். அடுத்த மே வரைக்கும் அது செல்லும். 2005-இல் ஒரு நிபந்தனை வந்தது. ஆசிரியர்களுக்கான இணையப் பயிற்சியை ஏப்ரல் பதினைந்துக்குள் முடித்துச் சான்றிதழ் காட்டினால்தான் உத்தரவு.

தம்பி சுப்பிரமணி கண்ணாடித் தொழிற்சாலையில் ஆபரேட்டர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

“இன்னாத்துக்குண்ணா இந்தப் பாடு? எங்க கம்பெனி கேட்டுல செக்யூரிட்டிக்கு ஆள் எடுக்குறான். தொப்பி குடுக்குறான், விசிலு குடுக்குறான். வர்றியா?”

நடேசன் சிரிக்கவில்லை. டாக்டர் பட்டம் இல்லாத ஆளுக்கு இந்த வயதில் வேறு கல்லூரி கிடைக்காது. தம்பிக்கும் அது தெரியும்.

பயிற்சிக்கு வகுப்பு கிடையாது, நடத்துபவர் கிடையாது. மதியம் லேப் காலியாக இருக்கும்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தானாகப் படித்துக்கொள்ள வேண்டியது. உங்கள் வேகத்தில் படிக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. நடேசனின் வேகம் பக்கத்துக்கு இருபது நிமிஷம். ஒவ்வொரு பத்தியையும் நோட்டில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்.

லேப் உதவியாளர் கொம்பையாவுக்குப் பொறுக்கவில்லை. அவன் சங்கரன்கோவில் பக்கத்து ஆள்.

“ஏன் சார் இப்படிக் கெடந்து கஷ்டப்படுதிய? பாஸ்வேர்ட குடுங்க. அரை மணி நேரத்துல முடிச்சித் தாரேன்.”

“வேணாம்ப்பா. எத்தன பேருக்கு முடிச்ச?”

“இருபத்தாறு பேருக்கு. இருபத்தாறு தடவ பாஸாயிட்டேன் சார். சர்டிபிகேட்டுதான் ஒண்ணுகூட எம்பேருல இல்ல.”

ஏழாவது பாடத்தில் ஒரு விஷயம் இருந்தது. மாணவர்களிடம் கேள்வி கேட்டால், பத்து எண்ணும்வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. வகுப்பில் செய்து பார்த்து, நடந்ததை எழுத வேண்டும். நடேசன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்லியிருந்தார்.

மறுநாள் இரண்டாம் ஆண்டு வகுப்பு. பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதற்கு வெளியே ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு தொகையீட்டுக் கணக்கை எழுதினார்.

“இதோட மதிப்பு சைபர். ஏன்?”

மனசுக்குள் எண்ணினார். மூன்றில் யாரோ இருமினார்கள். ஐந்தில் சிரிப்பு. கடைசி பெஞ்ச் மாரிசெல்வி பேனாவைக் கீழே வைத்தாள். தமிழ் வழியில் படித்துக் கோவில்பட்டியிலிருந்து வந்தவள். இரண்டு வருஷத்தில் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. எட்டில் எழுந்து நின்றாள்.

“சார், அந்தப் புள்ளி வட்டத்துக்கு...”

அப்போது பிரின்சிபால் உள்ளே வந்தார். வகுப்பே எழுந்து நின்றது. அவள் எதற்கு நின்றாள் என்பது அதில் தெரியாமல் போயிற்று.

பிரின்சிபால் தினமும் தாழ்வாரத்தில் நடப்பார். ஒவ்வொரு அறையிலிருந்தும் ஆசிரியர் குரல் கேட்க வேண்டும்.

“என்ன நடேசன், மௌன விரதமா?”

“யோசிக்க நேரம் குடுத்தேன் சார். பயிற்சியில சொல்லியிருக்காங்க.”

“அது சர்டிபிகேட்டுக்கு. இது கிளாஸு.”

சாயங்காலம் மெமோ வந்தது. வகுப்பு நேரத்தில் பாடம் நடத்தாமல் நின்றதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இன்னொரு மெமோ வந்தால் சான்றிதழ் இருந்தும் உத்தரவு கிடைக்காது என்று ஆபீசில் சொன்னார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வெளியே மாரிசெல்வியைப் பார்த்தார்.

“என்னம்மா சொல்ல வந்த?”

“ஒண்ணுமில்ல சார்.”

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி லேபுக்குப் போய் பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார். கொம்பையா அதை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். மளமளவென்று தட்டிக்கொண்டு போனவன் ஏழாவது பாடத்தில் நிறுத்தினான்.

“வகுப்புல என்ன நடந்துச்சின்னு கேக்கான் சார். என்னத்தப் போட?”

“எல்லாருக்கும் போட்டதையே போடு.”

“மாணவர்கள் ஆர்வத்தோடு பேசினார்கள்னு போட்டேன்.”

“போடு.”

சான்றிதழில் தொண்ணூற்றாறு மார்க் வந்தது. மறுநாள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் புதுக் கணக்கு ஒன்றை எழுதினார்.

“ஏன் இப்படி வருது?”

மாரிசெல்வி பேனாவைக் கீழே வைத்தாள். நடேசன் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, தாழ்வாரம் வரைக்கும் கேட்கிற குரலில், பதிலைச் சொல்லிக்கொண்டே எழுதினார்.