தொப்பூர் இறக்கத்தில் உதறிய முன்சக்கரம்

"இனிமே இந்த வண்டியில நான் ஏறவே மாட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே காவேரியம்மா என் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தார். அவர் கணவர் முனுசாமி, இண்டூர் விவசாயி, தன் அப்பா வாங்கிய பழைய பைக்கை ஸ்டாண்ட் போட்டார்.

முந்தின வாரம்தான் அதன் முன்சக்கரத்தை முழுசாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்திருந்தேன். பிரேக் டிரம்மை லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து, புது ரிம், புது ஸ்போக்ஸ், டிரம்முக்குள் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் புது பிரேக் ஷூ. தர்மபுரி டவுனுக்குள் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகவே நின்றது. இருவரும் அதில் சேலத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைக்க, முனுசாமி முன் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். ஹேண்டில்பார் உதறியிருக்கிறது; லாரியில் மோதாமல் தப்பித்ததே பெரிய விஷயம்.

ஷூவில் கிரீஸ் பட்டிருக்குமோ என்று பிரித்தேன். இல்லை. பேரிங்கில் ஆட்டமில்லை. ரிம்மும் நேராகச் சுற்றியது.

"எப்படி உதறுச்சு, நீங்க சொல்லுங்கம்மா" என்றேன்.

"புடிச்சு வுட்டு, புடிச்சு வுட்டு இழுத்துதுங்க. வேகம் கொறையக் கொறைய அதுவும் மெதுவாச்சு."

அப்படியானால் கோளாறு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது. ஷூ லேசாக உரசும்படி டைட் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சுற்றுக்கு இரண்டு இடத்தில் மட்டும் உரசியது. டிரம் வட்டமாக இல்லை.

கடைந்து கொடுத்த லேத் பாஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரவுண்டு பாத்துதாங்க குடுத்தேன்!" என்று டயல் கேஜோடு வந்தார். தலைமுடியளவு வித்தியாசத்தையும் முள்ளால் காட்டிவிடும் கருவி அது. டிரம்மில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றியதும் முள் ஆடியது. பாஷா கேஜை எடுத்துத் திரும்ப வைத்துப் பார்த்தார், அப்போதும் ஆடியது.

அவர் பொய் சொல்லும் ஆளில்லை. லேத்திலிருந்து இறங்கிய பிறகு நடந்தது ஒன்றுதான், டிரம்மின் விளிம்பில் நான் ஸ்போக்ஸை மாட்டி ரிம்மோடு இழுத்துக் கட்டியது. எதற்கும் பார்ப்போம் என்று எல்லா ஸ்போக்ஸையும் லூஸ் செய்தேன். முள் நின்றது. திரும்ப டைட் செய்தேன். ஆடியது.

"கம்பி இழுத்தா டிரம்மு வளையுமா!" என்றார் பாஷா. "இன்னொருக்கா லூஸ் பண்ணுங்க, பாப்போம்." மறுபடியும் பார்த்தோம். காவேரியம்மாவும் குனிந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் ஸ்போக்ஸ் டைட்டாக இருக்கும்போதே டிரம்மைக் கடைய வேண்டும்; ஆனால் கட்டிய சக்கரம் பாஷாவின் லேத்தில் அடங்காது. பைபாஸ் பக்கம் லாரி டிரம் கடையும் பெரிய லேத் ஒன்று இருந்தது. டிரம்மில் போதுமான கனம் இருக்கிறதா என்று அளந்துகொண்டு, சக்கரத்தை அப்படியே அதில் ஏற்றி மெல்லிசாக ஒரு கட் எடுக்க வைத்தேன். பிறகு நானே தொப்பூர் இறக்கத்தில் இறங்கி, பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்துப் பிரேக் பிடித்துப் பார்த்தேன். ஹேண்டில்பார் அசையவில்லை.

அடுத்த முறை சேலம் போனதும் காவேரியம்மா போன் செய்தார். "இறக்கத்துல எனக்குத் தூக்கமே வந்துருச்சுங்க."

புதுசாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் சக்கரத்தைக் கட்டுங்கள், பிறகு டிரம்மைக் கடையுங்கள். கோளாறு பிடிபடாவிட்டால், வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.