ஆர்தர் துரைக்கு நான் எடுத்துக்கொடுத்த வரி

லண்டனிலிருந்து கடிதம் வந்தது. நம் ஆர்தர் துரை காலமாகிவிட்டார் என்று அவர் மகள் எழுதியிருந்தாள். படித்து முடித்ததும் அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது 'அப்பாடா' என்ற பெருமூச்சு. அடப்பாவி என்று திட்டாதீர்கள், நாடகக் குழு நண்பர்களே. ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

நம் கலெக்டர் வேஷக்காரருக்குத் திண்டிவனம் நாடகம் நெருங்கும்போது மஞ்சள் காமாலை வந்தது ஞாபகம் இருக்கும். பொம்மையார்பாளையத்தில் ஓய்வுக்கு வந்திருந்த இந்த வெள்ளைக்காரரை நம் டைரக்டர் வேணு போய்க் கூப்பிட்டார். துரைக்குத் தமிழ் தெரியாது; மாட்டவே மாட்டேன் என்றார்.

"பயப்படாதீங்க சார். பிராம்ப்டர் படுதா ஓரமா நின்னுக்கினு மொத வரிலேர்ந்து சொல்லிக்கினே இருப்பான்."

வேணு இதை இங்கிலீஷிலும் சொன்னதும் துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கள் ஊரில் மறந்த பிறகுதான் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே மறப்பதற்கு முன்பேவா?" என்று கேட்டு, ஒப்புக்கொண்டார். அந்த பிராம்ப்டர் நான்தான்.

இரண்டாவது சீனில் கலெக்டர், திருட்டுச் சந்தேகத்தில் கிராம முன்சீப்பை விசாரிக்க வேண்டும். வரியைச் சொன்னேன். துரை வாயே திறக்கவில்லை. மறுபடி சொன்னேன். வேர்த்துக் கொட்ட நின்றார். எனக்கோ பொறுமை குறைவு என்று உங்களுக்குத் தெரியும்.

"சொல்லித் தொலைங்க சார், ஜனம் பாத்துக்கினு இருக்குது!" என்று சீறிவிட்டேன்.

மனுஷர் அதையும் வசனம் என்று நினைத்து, முன்சீப்பைப் பார்த்து அடித்தொண்டையில் முழங்கினார் பாருங்கள்! முன்சீப்பாக நடித்த குப்புசாமி மிரண்டுபோய், மூன்றாவது சீனில் ஒத்துக்கொள்ள வேண்டிய திருட்டை அங்கேயே ஒத்துக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

நாடகம் முடிந்ததும் துரை என் கையைப் பிடித்தார். வேஷத்தைக்கூடக் கலைக்காமல் போய்விட்டார்.

மறுநாள் அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. இங்கிலாந்து மேடையில் இருபது வருஷம் கொடிகட்டிப் பறந்தவராம். ஒருநாள் நிறைந்த அரங்கில் வசனம் மறந்து நின்றுவிட்டார். அதோடு மேடையை விட்டு, தப்பினால் இன்னொரு டேக் எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் சினிமாவுக்குப் போனவர். ஐயோ, அந்த மனுஷரையா திட்டினேன்! இனி அவர் மேடைப் பக்கமே வரமாட்டார், என்னால்தான் என்று ஆறு வருஷம் மருகினேன்.

இப்போது மகள் எழுதியிருக்கிறாள்: இங்கிருந்து ஊர் திரும்பிய மாசமே அவர் மறுபடி மேடை ஏறினாராம். கடைசி வரை இறங்கவில்லையாம். தினமும் மேடைக்குள் போகுமுன் படுதா ஓரம் நின்று ஒரு தமிழ் வரி சொல்வாராம். 'அது என்ன பிரார்த்தனை?' என்று கேட்டு, அதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள் மகள். எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

சொல்லித் தொலைங்க சார், ஜனம் பாத்துக்கினு இருக்குது.

கடிதத்தை என் நாடக நோட்டில், கலெக்டர் சீன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆமாம்மா, பிரார்த்தனைதான் என்று அவளுக்குப் பதில் போட்டேன்.