துப்பாக்கியில் மாட்டாத கண்

போன ஐப்பசியில், சந்தவாசல் பக்கம் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் நிலத்தில் நடந்தது இது. வேர்க்கடலை முற்றி நின்றது. எங்கள் ஊரில் அதற்கு மல்லாட்டை என்று பேர். அறுவடை எப்போது என்பது நமக்குத் தெரிவதற்கு முன்னாலேயே காட்டுப்பன்றிகளுக்குத் தெரிந்துவிடும். ஒரே ராத்திரியில் ஓரத்துப் பாத்திகளை ஏர் பூட்டி உழுததுபோல் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விட்டன.

சித்தப்பாவிடம் பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கிய பழைய துப்பாக்கி ஒன்று உண்டு. மேலே பார்த்து வெடித்து விரட்டத்தான். பன்றியைச் சுட நமக்கு அனுமதி கிடையாது. ஆனால் நாசமான பாத்தியைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் சட்டம் பேச முடியவில்லை.

"நீதான் இன்ஜினியருக்குப் படிச்சிருக்கியே. இருட்டுல தெரியற மாதிரி துப்பாக்கி மேல மாட்டறது ஒண்ணு கீதாமே, அத்த வரவழை. ஒண்ணு வுழுந்தா மீதி வராது" என்றார்.

கருவி என்று யாராவது சொன்னால், அதை அலசி முடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. உட்கார்ந்து படித்தேன், வீடியோ வீடியோவாகப் பார்த்தேன், சென்னையில் இருக்கும் தோழியின் உயிரை வாங்கினேன். உடம்புச் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவி அது. சூடானது வெள்ளையாகவும் குளிர்ந்தது கறுப்பாகவும் தெரியும். சித்தப்பாவுக்கு ஒரே கேள்விதான்: எவ்வளவு தூரம் தெரியும்? ஆனால் தூரத்தைக் காட்டும் கருவியில் ஒரே சமயத்தில் தெரியும் பரப்பு குறுகிவிடும். எங்கள் நிலமோ ஓரத்துப் புளியமரத்தோடு முடிந்துவிடுகிறது, மலை உச்சியைப் பார்த்து என்ன செய்வது? அதனால் அகலமாகவும் தெளிவாகவும் காட்டுவதைத் தேடினேன்.

அப்போது ஒரு வீடியோவில்தான் அதைக் கவனித்தேன். இருட்டில் நிற்பது பசுவா பன்றியா என்று பார்ப்பதற்கே அந்த ஆள் துப்பாக்கியை அதன்மேல் நீட்ட வேண்டியிருந்தது. பார்வை துப்பாக்கியின் மேல் இருந்தால், பார்க்கிற எல்லாவற்றையும் குறிவைத்தாக வேண்டும்! லேப்டாப்பை மூடினேன். கையில் பிடித்துப் பார்க்கும் கருவியை வரவழைத்தேன்.

பார்சலைப் பிரித்த சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த எங்க மாட்றது?"

"மாட்ட முடியாது சித்தப்பா. கையிலதான் பிடிக்கணும்."

"இன்னாத்துக்கு? தூக்கிப் போட்டு பன்னிய அடிக்கவா?"

அதோடு விடவில்லை. "எங்க வூட்டு இன்ஜினியரு பன்னிய போட்டோ புடிக்க மெஷினு வாங்கியிருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்குக் காது சிவந்துபோனது.

ஒருநாள் விடிவதற்குச் சற்று முன், நாங்கள் இருவரும் காவல் குடிசையில் இருந்தோம். பக்கத்து நிலத்தில் முந்தின நாள்தான் மல்லாட்டை பிடுங்கியிருந்தார்கள். கருவியில் பார்த்தேன். எங்கள் வரப்பை ஒட்டி, தரையோடு தரையாக வெள்ளை வெள்ளையாகச் சில உருண்டைகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

"கொண்டா" என்று கை நீட்டினார் சித்தப்பா. பார்க்க வேண்டுமானால் கை காலியாக இருக்க வேண்டும். முனகிக்கொண்டே துப்பாக்கியைச் சாக்கின்மேல் வைத்தார். "பன்னிதான். கூட்டமா வந்துகீது. இன்னிக்கு ஒண்ண சாய்க்காம வுட மாட்டேன்."

கருவியைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ஓர் உருண்டையின் பக்கத்தில் கன்னங்கரேலென்று நீளமாக ஏதோ எழுந்தது. பனியில் குளிர்ந்த பொருள். அது மேலே போய், சாய்ந்து, அப்படியே நின்றது. சித்தப்பாவின் கை துப்பாக்கிக்குப் போயிருந்தது.

"கைய எடு சித்தப்பா! பன்னி பாட்டில்ல தண்ணி குடிக்குமா?"

அவருக்குப் புரிவதற்குள் நான் வெளியே ஓடிக் கத்தினேன். "யாரு அங்க?"

"நாங்கதாம்மா! மல்லாட்ட பொறுக்கறோம்!"

மலைமேல் ஊர்ப் பெண்கள். பிடுங்கி முடித்த நிலத்தில் தங்கிய காயை யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பனிக்கு முக்காடு போட்டு, குந்தியபடியே மண்ணைத் தடவி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஒரு லைட்டு போடக் கூடாதாக்கா?" என்றேன்.

"லைட்டு போட்டா உங்க ஊரே பொறுக்க வந்து உக்காந்துக்குமே!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். என்ன நடக்க இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

சித்தப்பா சிரிக்கவில்லை. துப்பாக்கியில் போட்டிருந்த தோட்டாவை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். "மெஷினு நல்லாதான் கீது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அதன்பின் பன்றிகளும் வந்தன. தூரத்திலேயே பார்த்துத் தகரம் தட்டி, பட்டாசு வெடித்து விரட்டினோம். பெரும்பகுதி மல்லாட்டை வீடு வந்து சேர்ந்தது. இப்போது டீக்கடையில் யாராவது அந்தக் கருவியைத் துப்பாக்கியில் எங்கே மாட்டுவது என்று கேட்டால், சித்தப்பாவே முந்திக்கொண்டு, "துப்பாக்கில மாட்றதில்லப்பா. எங்க பொண்ணு பாத்து வாங்கினது, கையில புடிக்கறது" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்கிறது. பட்டம் வாங்கிய நாளில்கூட அப்படி நிமிர்ந்ததில்லை, ஏனென்றால் அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே மலையேறிப் போனதில் நான் தேர்ந்தெடுத்த ஒரு சின்னப் பொருளுக்கும் பங்கு இருக்கிறது.